நினைத்தல் முதல் யோசித்தல் வரை: தமிழ் மனவினைச் சொற்களின் பொருள் வேறுபாடு

ஆய்வுச் சுருக்கம்

நினைத்தல், எண்ணுதல், கருதுதல், சிந்தித்தல், யோசித்தல் ஆகிய ஐந்து வினைகளும் அகராதிகளில் ஒன்றற்கு மற்றொன்று பொருளாகத் தரப்படுகின்றன. ஆயினும் வழக்கில் இவை எல்லா இடங்களிலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவதில்லை. இவ்வினைகள் தம்மோடு பெயரை ஏற்கின்றனவா, கூற்றை ஏற்கின்றனவா, வினாவை ஏற்கின்றனவா என்பதை அளவுகோலாகக் கொண்டு இவற்றின் பொருள் எல்லைகளை இக்கட்டுரை வரையறுக்கிறது. செயப்பாட்டு வடிவம், செயவென் எச்சத்தோடு கூடும் தன்மை, வினையிலிருந்து பிறந்த பெயர்கள், பழைய இலக்கிய வழக்கு, இனமொழி வழக்கு ஆகியவை துணைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வேறுபாட்டை அறிதல் மருத்துவம், சட்டம், கல்வி, ஆய்வுரை ஆகிய களங்களில் ஏன் இன்றியமையாதது என்பதும் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மனவினை, பொருண்மையியல், நினைவு, எண்ணம், கருத்து, சிந்தனை, யோசனை, கலைச்சொல்லாக்கம்

1. முன்னுரை

ஓர் அறிஞரைப் பற்றிய நூல்கள் ஐந்து உள்ளன என்று கொள்வோம். அவற்றின் தலைப்புகள் முறையே அவருடைய ‘நினைவுகள்’, ‘எண்ணங்கள்’, ‘கருத்துகள்’, ‘சிந்தனைகள்’, ‘யோசனைகள்’ என அமைந்தால், நூலைத் திறக்கும் முன்னரே படிப்பவர் ஐந்து வேறு நூல்களை எதிர்பார்ப்பார். முதலாவது கடந்த வாழ்வைப் பற்றியது. இரண்டாவது அவ்வப்போது மனத்தில் எழுந்தவற்றின் தொகுப்பு. மூன்றாவது அவர் கொண்ட நிலைப்பாடுகளைச் சொல்வது. நான்காவது ஆழ்ந்து ஆராய்ந்து உருவாக்கிய கொள்கைகளை விளக்குவது. ஐந்தாவது பிறர் செய்யத்தக்கன எவை என்று பரிந்துரைப்பது. ஐந்து சொற்களும் ஒரே பொருளுடையனவாயின் இத்தகைய எதிர்பார்ப்பு எழ வாய்ப்பில்லை.

எனினும் அகராதிகள் இவ்வேறுபாட்டைப் போதிய அளவு வெளிப்படுத்துவதில்லை. நினைத்தலுக்கு எண்ணுதலும், எண்ணுதலுக்குக் கருதுதலும், கருதுதலுக்கு நினைத்தலும் பொருளாக வருகின்றன. இது அகராதித் தொகுப்பாளரின் குறை மட்டுமன்று. ஒரு சொல்லுக்கு மற்றொரு சொல்லைப் பொருளாகக் கூறும் நிகண்டு மரபின் தொடர்ச்சியும் ஆகும். செய்யுள் இயற்றுவோர்க்கு ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுத்துத் தருவதே நிகண்டின் நோக்கம். அப்பெயர்களுக்கிடையே உள்ள நுண்வேறுபாட்டைக் காட்டுவது அதன் நோக்கமன்று. ஒரு பொருள் குறித்த பல சொற்கள், பல பொருள் குறித்த ஒரு சொல் என்னும் இருவகையையும் தொல்காப்பியர் திரிசொல்லின் இலக்கணமாகக் கூறியுள்ளார். முதல்வகையில் அடங்குவனவாகத் தோன்றும் சொற்கள் உண்மையில் எந்த அளவிற்கு ஒரு பொருளன என்பது ஒவ்வொரு சொற்குழுவிலும் தனித்தனியே ஆராயப்பட வேண்டியதாகும்.

2. ஆய்வு வரம்பும் முறையும்

மனத்தின் தொழிலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் மிகப் பல. அறிதல், உணர்தல், தெரிதல், தெளிதல், துணிதல், ஓர்தல், தேர்தல், நாடுதல், உள்ளுதல், உன்னுதல், முன்னுதல் எனப் பட்டியல் நீளும். இவற்றுள் இன்றைய எழுத்து வழக்கிலும் பேச்சு வழக்கிலும் மிகுதியாக வழங்குபவையும், மிகுதியாகத் தம்முள் மயங்குபவையும் ஆகிய நினை, எண்ணு, கருது, சிந்தி, யோசி என்னும் ஐந்தே இங்கு ஆய்வுக்குரியவை. பிற சொற்கள் தேவையான இடங்களில் ஒப்பீட்டிற்காக மட்டும் எடுத்தாளப்படுகின்றன.

சொற்பிறப்பைக் கொண்டு மட்டும் இன்றைய பொருளைத் துணிய இயலாது. ஆதலால் ஒரு சொல் எந்தத் தொடரில் இயல்பாக அமைகிறது, எதில் அமைய மறுக்கிறது என்பதே இங்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. எடுத்துக்காட்டுத் தொடர்கள் இன்றைய பொது எழுத்து வழக்கை ஒட்டி அமைக்கப்பட்டவை. வினைகளைக் காலத்தோடு அவை கொள்ளும் உறவின் அடிப்படையில் நிலை, செயல், நிறைவுறு செயல், நொடி நிகழ்வு என நான்காகப் பகுத்து 1957இல் செனோ வெண்ட்லர் முன்வைத்த பாகுபாடும் துணையாகக் கொள்ளப்படுகிறது.

3. பெயர், கூற்று, வினா

மனவினைகள் மூவகை நிரப்பிகளை ஏற்கலாம். முதலாவது, ‘ஐ’ உருபு ஏற்ற பெயர். இரண்டாவது, ‘மழை வரும் என்று’ என்பது போன்ற கூற்று. மூன்றாவது, ‘என்ன செய்வது என்று’ என்பது போன்ற வினா. இம்மூன்றையும் வைத்து ஐந்து வினைகளையும் சோதித்தால் அவை வெவ்வேறு குழுக்களாகப் பிரிவதைக் காணலாம்.

பெயரை மட்டும் ஏற்பதில் முதன்மையானது நினைத்தல். ‘தாயை நினைத்தான்’ என்பது நிறைவான தொடர். ‘தாயை எண்ணினான்’ என்பது இலக்கிய நடையில் பொருந்தும். ‘தாயைக் கருதினான்’ என்பது இன்றைய வழக்கில் நிறைவடையாமல் நிற்கிறது. ‘தெய்வமாக’ என்பது போன்ற சொல் ஒன்று கூடினால்தான் பொருள் முற்றுப்பெறும். ‘தாயை யோசித்தான்’ என்பது எழுத்து வழக்கில் இல்லை. ‘தாயைப் பற்றி யோசித்தான்’ என்பதே வழக்கு. சிந்தித்தலும் பொதுவாகப் ‘பற்றி’ என்னும் சொல்லுருபையே நாடுகிறது. ‘இறைவனைச் சிந்தித்தல்’ என்று பெயரை நேரடியாக ஏற்பது சமய வழக்கில் நிலைத்த சிறப்பு வழக்காகும்.

கூற்றை ஏற்பவை நினைத்தல், எண்ணுதல், கருதுதல் ஆகிய மூன்றும். ‘அவர் வருவார் என்று நினைத்தேன்’, ‘எண்ணினேன்’, ‘கருதினேன்’ என மூன்றும் இயல்பாக அமைகின்றன. ‘அவர் வருவார் என்று யோசித்தேன்’, ‘அவர் வருவார் என்று சிந்தித்தேன்’ என்பன இயல்பாக அமைவதில்லை. ‘வருவாரோ என்று யோசித்தேன்’ என ஐயப்பொருள் தரும் ஓகாரம் சேர்ந்தவுடன் தொடர் சீராகிவிடுகிறது. கூற்று வினாவாக மாறியதே இதற்குக் காரணம்.

வினாவை ஏற்பவை சிந்தித்தலும் யோசித்தலும். ‘ஏன் இவ்வாறு நேர்ந்தது என்று சிந்தித்தார்’, ‘எங்கே போவது என்று யோசித்தார்’ என்பன இயல்பானவை. ‘எங்கே போவது என்று கருதினார்’ என்பது தமிழாகாது. எண்ணுதல் இரண்டுக்கும் இடைப்பட்டு நிற்கிறது. ‘என்ன செய்யலாம் என்று எண்ணினார்’ எனச் செவ்விய நடையில் அது வினாவையும் ஏற்கிறது. நினைத்தல் தனித்து நிற்கும்போது வினாவை எளிதில் ஏற்பதில்லை. ‘நினைத்துப் பார்’ எனத் துணைவினை சேர்ந்த பின்னரே ‘என்ன நேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்’ என வினாவை ஏற்கிறது.

ஆக, நினைத்தலின் அடிப்படை பெயரோடும், கருதுதலின் அடிப்படை கூற்றோடும், சிந்தித்தல், யோசித்தல் ஆகியவற்றின் அடிப்படை வினாவோடும் இயைந்துள்ளன. முதலாவது ஒரு பொருள் மனத்தில் இருப்பதையும், இரண்டாவது ஒரு முடிவு மனத்தில் நிலைபெற்றிருப்பதையும், மூன்றாவது முடிவு இன்னும் எட்டப்படாதிருப்பதையும் குறிக்கின்றன. ஐந்து சொற்களின் பிற இயல்புகள் பலவும் இவ்வடிப்படையிலிருந்து விளங்குகின்றன.

4. நினைத்தல்: மனத்தில் இருத்தல்

ஐந்து வினைகளுள் தெளிவான எதிர்ச்சொல் உடையது நினைத்தல் ஒன்றே. அவ்வெதிர்ச்சொல் மறத்தல். கருதுதலுக்கோ யோசித்தலுக்கோ இவ்வாறான எதிர்ச்சொல் இல்லை. மனத்தில் ஒன்று இருத்தல், இல்லாதிருத்தல் என்னும் எதிர்வே நினைத்தலின் உட்கரு என்பதை இது காட்டுகிறது.

‘நினைவு’ என்னும் பெயரும் இதனையே உறுதிசெய்கிறது. ‘நினைவு இழந்தார்’ என்றால் உணர்விழந்தார் என்பது பொருள். ‘நினைவு திரும்பியது’ என்றால் மயக்கம் தெளிந்தது என்பது பொருள். ‘எண்ணம் இழந்தார்’, ‘கருத்துத் திரும்பியது’ என்பன இப்பொருளில் வழங்குவதில்லை. ஒரு பொருள் மனத்தில் இருப்பதும், மனமே விழிப்புடன் இருப்பதும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. நினைவுச்சின்னம், நினைவேந்தல், நினைவுப் பேருரை ஆகிய கூட்டுச்சொற்கள் அனைத்தும் மறைந்ததை மனத்தில் இருத்துதல் என்னும் பொருளைச் சுற்றியே அமைந்துள்ளன. இதே வேரிலிருந்து பிறந்த ‘நினைப்பு’ என்னும் சொல்லோ பேச்சு வழக்கில் ‘அவனுக்குப் பெரிய நினைப்பு’ எனத் தன்னைப் பற்றிய மிகையான மதிப்பையும் குறிக்கிறது.

பழைய வழக்கில் இப்பொருளை உள்ளுதல் என்னும் வினையும் பகிர்ந்துகொண்டது. திருக்குறளின் ‘நினைந்தவர் புலம்பல்’ அதிகாரத்தில் பிரிந்தாரை நினைவுகூர்தல் நினைத்தல், உள்ளுதல் ஆகிய இரு வினைகளாலும் சுட்டப்படுகிறது. மறத்தல் அவற்றிற்கு எதிர்நிலையாக வருகிறது. அதே நூலின் ‘ஊக்கமுடைமை’ அதிகாரத்திலோ உள்ளுதல் உயர்ந்ததை நோக்கிய முனைப்பைக் குறிக்கிறது. ‘உள்’ என்னும் இடப்பெயரோடு தொடர்புடைய உள்ளுதலில் அகத்தே இருத்துதலும் அகத்தேயிருந்து எழும் ஊக்கமும் ஒருங்கே அடங்கின. தொல்காப்பிய உரியியல் படர் என்னும் சொல்லுக்கு உள்ளல், செலவு என இரு பொருள் கூறுவதும் இங்கு நோக்கத்தக்கது. மனம் ஒன்றை நோக்கிச் செல்வதாகக் காணும் பார்வை இதனால் புலப்படுகிறது. உள்ளுதல் என்னும் வினை இன்று பொது வழக்கில் இல்லை. ‘உள்ளம்’ என்னும் பெயர் மட்டும் நிலைத்துள்ளது. அவ்வினையின் பொருட்பரப்பில் நினைவுகூர்தலை நினைத்தலும், முனைப்பை எண்ணுதலும் கருதுதலும் ஏற்றுக்கொண்டன எனலாம்.

5. எண்ணுதல்: ஒவ்வொன்றாக நோக்குதல்

எண்ணுதல் ‘எண்’ என்பதோடு உறவுடையது. ‘பணத்தை எண்ணினான்’ என்றால் கணக்கிட்டான் என்பதே பொருள். எண்ணிக்கை, எண்ணற்ற ஆகிய சொற்கள் எண்பொருளைத் தெளிவாகத் தாங்குகின்றன. மனவினையாக வருமிடத்தும் இத்தன்மை முற்றிலும் மறைவதில்லை. ‘எண்ணிப் பார்’ என்னும் தொடர் ஒரு செய்தியின் கூறுகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குமாறு கூறுகிறது. ‘எண்ணித் துணிதல்’ என்னும் மரபுத் தொடரிலும் செய்யப்போகும் செயலின் வழிகளையும் விளைவுகளையும் கணக்கிட்டுப் பார்த்தல் என்னும் குறிப்பு உண்டு. வள்ளுவர் இவ்விணைப்பைத் ‘தெரிந்துசெயல்வகை’ அதிகாரத்தில் கையாண்டிருப்பது பொருத்தமானதே. ஆக்கம், இழப்பு, ஊதியம் ஆகியவற்றைச் சீர்தூக்குதலே அவ்வதிகாரத்தின் பொருள்.

‘எண்ணம்’ என்னும் பெயர் ஒருவரது உள்நோக்கத்தையும் குறிக்கிறது. ‘நல்லெண்ணம்’, ‘கெட்ட எண்ணம்’ என்பன ஒருவர் பிறர்பால் கொண்ட நோக்கத்தைச் சுட்டுவன. இங்கே ‘கெட்ட நினைவு’ என மாற்றினால் துன்பமான பழைய நிகழ்ச்சி என்றும், ‘கெட்ட கருத்து’ என மாற்றினால் தவறான கொள்கை என்றும் பொருள் திரிந்துவிடும். ஒரே அடை மூன்று பெயர்களோடு கூடி மூன்று வேறு பொருள்களைத் தருவது, இப்பெயர்கள் ஒரு பொருளன அல்ல என்பதற்குத் தக்க சான்றாகும்.

6. கருதுதல்: முடிவாகக் கொள்ளுதல்

கருதுதல் ஒரு நிலையைக் குறிக்கும் வினை. ‘ஒரு மணி நேரம் யோசித்தார்’ என்பது இயல்பானது. ‘ஒரு மணி நேரம் கருதினார்’ என்பது இயல்பன்று. ‘ஆழ்ந்து சிந்தித்தார்’ எனலாம். ‘ஆழ்ந்து கருதினார்’ என்பதில்லை. ‘உறுதியாகக் கருதுகிறார்’ எனலாம். ‘உறுதியாக யோசிக்கிறார்’ என்பதில்லை. வெண்ட்லரின் பாகுபாட்டில் யோசித்தலும் சிந்தித்தலும் காலத்தில் நீளும் செயல்களாகவும், கருதுதல் நிலையாகவும் அடங்கும். ‘யோசித்துப் பார்’, ‘எண்ணிப் பார்’, ‘சிந்தித்துப் பார்’, ‘நினைத்துப் பார்’ ஆகிய நான்கும் வழங்க, ‘கருதிப் பார்’ மட்டும் அருகியே வருவதற்கும் இதுவே காரணம். முடிவு கொண்ட பின் முயன்று பார்ப்பதற்கு இடமில்லை.

‘ஆக’ என்னும் சொல்லோடு கருதுதல் மிக இயல்பாகக் கூடுகிறது. ‘அதனைக் குற்றமாகக் கருதினார்’ என்பதில் ஒன்றை மற்றொன்றாக மதிப்பிடும் தீர்ப்பு உள்ளது. கணிதப் பாடநூல்களில் வரும் ‘எனக் கருதுக’ என்னும் ஆணையும் ஒரு கூற்றை வாதத்தின் பொருட்டு உண்மையாகக் கொள்ளுமாறு கூறுவதே. ‘எனக் கொள்க’ என்பது அவ்விடத்தில் அதற்கு இணையாக வருவது கருதுதலின் இயல்பைத் தெளிவாக்குகிறது.

தமிழ் அளவையியல் மரபும் இதற்கு வலுச்சேர்க்கிறது. சைவ சித்தாந்த நூல்கள் அளவைகளைக் காண்டல், கருதல், உரை எனச் சுருக்கிக் கூறும். இவற்றுள் கருதல் என்பது அனுமானம். புகையைக் கண்டு நெருப்புண்டு எனத் துணிவது போலக் கண்டதன் வழியாகக் காணாததைப் பற்றிய முடிவுக்கு வருதல் இங்கே கருதுதல் எனப்பட்டது. நினைத்தலோ எண்ணுதலோ இவ்விடத்திற்குத் தெரிந்தெடுக்கப்படவில்லை.

கருதுதலின் வரலாற்றில் மற்றொரு பொருளும் உண்டு. ‘காலமறிதல்’ அதிகாரத்தில் உலகைப் பெற விரும்புதலும், தக்க காலத்தை எதிர்நோக்குதலும் கருதுதல் என்னும் வினையாலேயே கூறப்படுகின்றன. அங்கே அது ‘ஆக’ போன்ற துணையின்றிப் பெயரை நேரடியாக ஏற்கிறது. ஒன்றை இலக்காகக் கொள்ளுதல் என்பதே அப்பொருள். இன்று இவ்வமைப்பு முற்று வினையில் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆயினும் ‘நலன் கருதி’, ‘பாதுகாப்புக் கருதி’, ‘வசதியைக் கருதி’ ஆகிய உறைந்த தொடர்களில் அது பிழைத்திருக்கிறது. ‘பயணிகளின் நலன் கருதி’ என்னும் அறிவிப்பில் ‘நலனை எண்ணி’, ‘நலனை யோசித்து’ என மாற்றின் அறிவிப்பின் தன்மையே கெட்டுவிடுவதை நோக்குக. முற்று வினையில் இழந்த பொருளை எச்ச வடிவம் காத்துவந்துள்ளது.

7. சிந்தித்தலும் யோசித்தலும்: முடிவுக்கு முந்தைய நிலை

இவ்விரு சொற்களும் வடமொழித் தொடர்புடையன. யோசித்தல், இணைத்தல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. நெடுந்தொலைவைக் குறிக்கும் பழைய அளவுப்பெயராகிய ‘யோசனை’யும் அவ்வேரோடு தொடர்புடையதே, ஆயினும் இன்றைய பொருளில் இரண்டும் வேறு வேறு சொற்களாகவே கொள்ளத்தக்கன.

சிந்தித்தல் முடிவுக்கு முந்தைய படிநிலை என்பதைச் சைவ சித்தாந்தம் கூறும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் வரிசை நன்கு காட்டுகிறது. கேட்டதற்கும் தெளிந்ததற்கும் இடையே நிகழ்வது சிந்தித்தல். அகக்கருவிகளைப் பற்றிய அம்மரபின் விளக்கத்திலும் சிந்தித்தல் சித்தத்தின் தொழில். துணிதல் புத்தியின் தொழில். இவ்வாறு பழைய மெய்யியல் வழக்கும் இன்றைய தொடரமைப்பும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன.

சிந்தித்தலுக்கும் யோசித்தலுக்கும் இடையிலான வேறுபாடு நடையைச் சார்ந்தது மட்டுமன்று. யோசித்தல் ஒரு செயலைச் செய்வதா, எவ்வாறு செய்வது என்னும் நடைமுறை வினாவை நோக்கியது. சிந்தித்தல் ஒரு பொருளின் இயல்பையும் காரணத்தையும் நோக்கியது. அது செயலில் முடிய வேண்டும் என்னும் கட்டாயமில்லை. ‘எந்தச் சேலையை வாங்குவது என்று யோசித்தார்’ என்பது அன்றாடத் தொடர். அவ்விடத்தில் ‘சிந்தித்தார்’ எனின் நகைச்சுவைக் குறிப்புத் தோன்றும். இவ்வேறுபாடே பெயர்களிலும் எதிரொலிக்கிறது. யோசித்தலின் விளைவாகிய யோசனை ‘இவ்வாறு செய்யலாம்’ என்னும் பரிந்துரையாகிறது. சிந்தித்தலின் விளைவாகிய சிந்தனை கொள்கைத் தொகுதியாகிறது. ஆதலாலேயே ‘சிந்தனையாளர்’ என்னும் சொல் பிறந்தது. அதற்கிணையாக யோசனையிலிருந்து ஒரு சொல் பிறக்கவில்லை. ‘யோசனை கேட்டார்’ என்பதும் ‘கருத்துக் கேட்டார்’ என்பதும் வேறுபடுவதும் இதனாலேயே. முன்னதில் வழி கேட்கப்படுகிறது. பின்னதில் தீர்ப்புக் கேட்கப்படுகிறது.

யாழ்ப்பாணப் பேச்சு வழக்கில் ‘ஒண்டுக்கும் யோசியாதேங்கோ’ என்றால் எதற்கும் கவலைப்படாதீர்கள் என்பது பொருள். விடை கிடைக்காத வினாவோடு மனம் தொடர்ந்து போராடுவதே கவலை. யோசித்தல் வினாவை ஏற்கும் வினை என்பதிலிருந்து இப்பொருள் விரிவு எளிதில் விளங்கும்.

8. செயவென் எச்சமும் செயப்பாட்டு வடிவமும்

‘போக நினைத்தார்’, ‘போக எண்ணினார்’ என்னும் தொடர்களும், செவ்விய நடையில் வரும் ‘போகக் கருதினார்’ என்பதும் போகும் விருப்பத்தையோ நோக்கத்தையோ கூறுகின்றன. ‘போக யோசித்தார்’ என்பதோ தயங்கினார் என்று பொருள்படுகிறது. ‘பணம் கொடுக்க யோசிக்கிறார்’ என்பதைக் கேட்பவர், அவர் கொடுக்க விரும்புகிறார் என்று பொருள் கொள்ளமாட்டார். ஒரே இலக்கண அமைப்பு, வினை மாறியவுடன் ஏறத்தாழ எதிர்ப்பொருளைத் தருகிறது. கூற்றை ஏற்கும் வினைகளோடு செயவென் எச்சம் சேரும்போது செய்வது முடிவாகிறது. வினாவை ஏற்கும் வினையோடு சேரும்போது செய்வதா வேண்டாமா என்பது வினாவாகவே நிற்கிறது. சிந்தித்தல் இவ்வமைப்பை ஏற்பதில்லை. அது செயலை நோக்கியதன்று என்று மேலே கூறியதற்கு இது மற்றொரு சான்று.

செயப்பாட்டு வடிவத்தில் ஒவ்வொரு வினையும் தன் அடிப்படைப் பொருளுக்கே திரும்புவதும் கருதத்தக்கது. ‘வாக்குகள் எண்ணப்படுகின்றன’ என்பதில் எண்ணுதல் கணக்கிடுதலாகிறது. ‘அவர் இன்றும் நினைக்கப்படுகிறார்’ என்பதில் நினைத்தல் நினைவுகூர்தலாகிறது. ‘இது பிற்காலத்ததாகக் கருதப்படுகிறது’ என்பதில் கருதுதல் தீர்ப்பாகிறது. ‘மாற்றுவழி யோசிக்கப்படுகிறது’ என்பதில் யோசித்தல் முடிவுக்கு வராத ஆலோசனையாகிறது. செய்வினையில் கூற்றை ஏற்று ஒன்றுபோல் தோன்றிய சொற்களும் செயப்பாட்டு வினையில் பிரிந்து நிற்கின்றன.

9. இனமொழிச் சான்று

இச்சொற்களின் பொருள் எல்லை திராவிட மொழிகள் அனைத்திலும் ஒரே வகையில் அமையவில்லை. மலையாளத்தில் ‘எண்ணுக’ என்பது இன்று முதன்மையாகக் கணக்கிடுதலைக் குறிக்கிறது. தமிழில் ஆராய்ந்தறிதலைக் குறிக்கும் ஓர்தலோடு உறவுடைய ‘ஓர்க்குக’ அங்கே நினைவுகூர்தலைக் குறிக்கிறது. ‘ஓர்மை’ நினைவாற்றலையும் நினைவையும் குறிக்கிறது. கன்னடத்தில் ‘நெனெ’, ‘நெனபு’ ஆகியவை தமிழின் நினை, நினைவு ஆகியவற்றிற்கு மிக நெருங்கியவை. ‘எணிசு’ என்பது கணக்கிடுதல், கருதுதல் என்னும் இரு பொருளிலும் வழங்குகிறது. எண்ணுதற்சொல் மனவினைச் சொல்லாதல் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதும், ஒரே வேர் ஒரு மொழியில் ஆராய்தலாகவும் மற்றொன்றில் நினைவாகவும் நிலைபெறலாம் என்பதும் இதனால் விளங்கும். வேர்ச்சொல் ஒன்றாயிருத்தல் பொருள் ஒன்றாயிருத்தலுக்குச் சான்றாகாது.

10. பயன்பாட்டுக் களங்கள்

மேற்கண்ட வேறுபாடுகள் மொழியியல் நுட்பமாக மட்டும் நின்றுவிடுவன அல்ல. தவறான சொல் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக்கூடிய களங்கள் சில உண்டு.

மருத்துவக் களத்தில் ‘நோயாளிக்கு நினைவு இல்லை’ என்னும் குறிப்பு மயக்க நிலையையும் சுட்டலாம், மறதியையும் சுட்டலாம். தலையில் அடிபட்டவர் ஒருவரைப் பற்றிய இக்குறிப்பு எவ்வகையில் பொருள்கொள்ளப்படுகிறது என்பதைப் பொறுத்து அடுத்த நடவடிக்கை மாறும். விழிப்புநிலைக்குச் ‘சுயநினைவு’ என்றும், நினைவாற்றலுக்கு ‘ஞாபகம்’ என்றும் மக்கள் வழக்கு ஏற்கெனவே பிரித்துள்ளது. கலைச்சொல்லாக்கத்தில் ‘ஞாபகம்’ என்பதை அயற்சொல்லாகக் கொண்டு விலக்கி, இரண்டிற்கும் ‘நினைவு’ என்றே வைப்பது வழக்கு செய்துவைத்த பிரிவை அழிப்பதாகும்.

சட்டக் களத்தில் நோக்கமும் அறிவும் வேறானவை. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவு, இறப்பை விளைவிக்கும் நோக்கத்தோடு செய்வதையும், இறப்பு விளையக்கூடும் என்று அறிந்து செய்வதையும் தனித்தனியே கூறியது. அதன் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 100ஆம் பிரிவும் அப்பாகுபாட்டைத் தொடர்கிறது. தமிழில் ‘அவன் சாக நேரும் என்று நினைத்தேன்’ என்பதும் ‘அவனைக் கொல்ல நினைத்தேன்’ என்பதும் ஒரே வினையைக் கொண்டவை. முன்னது கூற்றை ஏற்று நம்பிக்கையைச் சொல்கிறது. பின்னது செயவென் எச்சத்தை ஏற்று நோக்கத்தைச் சொல்கிறது. வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பவர் ‘நினைத்தேன்’ என்னும் சொல்லை மட்டும் நோக்கித் தொடரமைப்பைத் தவறவிட்டால் சட்டம் பிரித்துவைத்த இரண்டும் ஒன்றாகிவிடும்.

கல்விக் களத்தில் பெஞ்சமின் புளூம் முதலியோர் 1956இல் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் பாகுபாட்டை ஆண்டர்சனும் கிராத்வோலும் 2001இல் திருத்தியமைத்தனர். அதில் பெயர்களாக இருந்த படிநிலைகள் வினைகளாக மாற்றப்பட்டன. அடிப்படைப் படிநிலை ‘அறிவு’ என்பதிலிருந்து ‘நினைவுகூர்தல்’ ஆயிற்று. இம்மாற்றத்தைத் தமிழில் எடுத்துரைக்கையில் ‘நினைத்தல்’ என்பது போதாது. அது நம்புதலையும் குறிப்பதால் ‘நினைவுகூர்தல்’ என்னும் கூட்டுவினையே தேவை. பள்ளிப் பாடநூல்களின் ‘சிந்தனை வினா’ என்னும் தலைப்பு, வினாவோடு இயையும் சொல்லையே தெரிந்தெடுத்திருப்பது பொருத்தமானது. இலங்கைக் கல்வியியல் நூல்கள் அறிதல் சார்ந்த செயற்பாடுகள் அனைத்திற்கும் பொதுப்பெயராக ‘அறிகை’ என்னும் சொல்லை வழங்குகின்றன. தமிழ்நாட்டில் ‘சிந்தனை’ அவ்விடத்தில் வருமாயின், நினைவும் தீர்ப்பும் அதனுள் அடங்காமல் போகும். பொதுப்பெயருக்கு இவ்வைந்தனுள் ஒன்றைக் கொள்ளாமல் அறிதல் என்னும் வேரை நாடுவதே தக்கது.

ஆய்வுரைகளில் பிறர் கூற்றை எடுத்துரைக்கும் இடங்களில் இவ்வேறுபாடு மிகுந்த கவனத்தை வேண்டுகிறது. ஓர் அறிஞர் ‘கருதுகிறார்’ எனின், சான்றுகளின் வழி ஒரு முடிவை அவர் மேற்கொண்டுள்ளார் என்று பொருள். ‘நினைக்கிறார்’ எனின், சான்றின் நிலை சொல்லப்படவில்லை. ‘என்று எண்ணியிருந்தார்’, ‘என்று நினைத்துக்கொண்டிருந்தார்’ எனின், அந்நம்பிக்கை பின்னர்ப் பொய்த்துவிட்டது என்னும் குறிப்பும் சேர்கிறது. இக்குறிப்பைக் கருதாமல் இவ்வடிவங்களைக் கையாள்வது அவ்வறிஞர்க்கு அநீதி இழைப்பதாகும். ஐயமாக மட்டும் முன்வைத்த ஒன்றைக் ‘கருதினார்’ என எழுதுவதும் அவ்வாறே. ‘கருதப்படுகிறது’ என்னும் செயப்பாட்டு வடிவமோ யார் கருதினார், எச்சான்று கொண்டு கருதினார் என்னும் இரண்டையும் மறைத்துவிடுகிறது. ஒருவரது முடிவு பலரது முடிவாகத் தோன்றவும், அடுத்தடுத்த ஆய்வேடுகளில் அது நிறுவப்பட்ட உண்மையாகவே வழங்கவும் இவ்வடிவம் இடமளிக்கிறது.

11. முடிவுரை

ஐந்து மனவினைகளும் மனத்தின் செயலை ஐந்து கோணங்களிலிருந்து குறிக்கின்றன. நினைத்தல் ஒன்று மனத்தில் இருப்பதையும், எண்ணுதல் ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவதையும் அதிலிருந்து எழும் நோக்கத்தையும், கருதுதல் ஒன்றை இன்னதெனக் கொள்வதையும், சிந்தித்தல் இயல்பையும் காரணத்தையும் பற்றிய வினாவோடு மனம் நிற்பதையும், யோசித்தல் செயலைப் பற்றிய வினாவோடு மனம் நிற்பதையும் குறிக்கின்றன. இவற்றின் எல்லைகள் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. குறிப்பாக, கூற்றை ஏற்கும் இடத்தில் நினைத்தல், எண்ணுதல், கருதுதல் ஆகிய மூன்றும் நெருங்கி வருகின்றன. அகராதிகள் இவற்றை ஒன்றாகக் காட்டுவதற்கு அந்நெருக்கமே காரணம். அவ்வோரிடத்து நெருக்கத்தை முழு ஒற்றுமையாகக் கொள்வது பொருந்தாது.

எனவே, இத்தகைய சொற்களுக்குப் பொருள் வரையும் அகராதிகள், இணைச்சொல்லைத் தருவதோடு நில்லாமல், ஒவ்வொரு சொல்லும் பெயரை ஏற்குமா, கூற்றை ஏற்குமா, வினாவை ஏற்குமா என்பதையும், செயவென் எச்சத்தோடு கூடுகையில் என்ன பொருள் தரும் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். இங்குக் கையாளப்பட்ட அளவுகோல்களை உணர்தல், அறிதல், தெரிதல், தெளிதல் ஆகிய சொற்குழுவிற்கும், வட்டார வழக்குகளுக்கும் விரித்து ஆராய இடமுண்டு. மனத்தைப் பற்றிய அறிவியலைத் தமிழில் எழுத முற்படுவோர்க்கு, வழக்கு முன்னரே வகுத்துவைத்த இவ்வெல்லைகளே முதற் கருவியாகும்.